மறுவழி

புயல் ஓய்ந்த மறுநாள் சாயங்காலம், லைன்மேன் சவரிமுத்து கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையில் தொங்கியபடி, அறுந்த கம்பியைத் தோளோடு இழுத்துப் பிடித்திருந்தான். லைனை ஆஃப் செய்து பூட்டிய சாவி அவனுடைய அரைஞாண் கயிற்றில் கிடந்தது. அது அங்கே இருக்கும்வரை எவனும் கரண்டைப் போட முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறான்.

"அண்ணே, பஜார்ல கரண்டு வந்துட்டு!" கீழே முழங்கால் தண்ணீரில் நின்ற உதவியாள் பூவலிங்கம் துள்ளினான்.

சவரிமுத்து இடுப்பைத் தடவினான். சாவி இருந்தது. அப்போதுதான் போன மாதம் மாட்டிய புது மிஷின் நினைவுக்கு வந்தது. ஒரு வழி அறுந்தால் அதுவே மறுவழி தேடிக் கரண்டைக் கொண்டுவந்துவிடும், இனி ஊர் இருட்டில் கிடக்காது என்று எஞ்சினியர் சொன்னபோது அவனும்தான் கைதட்டினான். பூட்டியது இந்தப் பக்கம். கரண்டு வருவது அந்தப் பக்கம்.

கோயில் தெருவில் விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். அடுத்து பள்ளிவாசல் தெரு கத்தியது. கூச்சல் அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"எலே, நிறுத்தச் சொல்லுல!"

"யாருட்டண்ணே சொல்ல? அது தானால்லா வருது!"

கம்பியை விட்டால், தண்ணீரில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் மேல் விழும். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று அலறினான். அவனும் சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்து அவர்கள் திருப்பிக் கத்தினார்கள். எதிர்வீட்டு வாசலில், தாயின் இடுப்பிலிருந்த குழந்தை அணைந்த பல்பையே பார்த்தபடி, கைதட்டுவதற்குக் கைகளை விரித்தது.