நாக்கைத் தூக்குங்க

"வாயத் தொறங்க... ம்ம். நாக்கத் தூக்குங்க."

அழகன் நாக்கைத் தூக்கிக் காட்டினான். அடியில் மாத்திரை இல்லை. வினோதா கொப்பியில் ஒரு கோடு கிழித்தாள்.

"தொண்டைக்குள்ள டோச் அடிச்சும் பாரேன் புள்ள."

"நீங்க செஞ்ச வேலைக்கு அதையுந்தான் செய்யணும்."

அவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவுக்கு உள்ளே நின்றாள். அவன் வெளியே, பனி ஈரம் காயாத படியில். ஏழு மாதமாக அதற்கு மேல் ஓர் அடி வைத்ததில்லை.

"தொர முழுங்கிட்டாரா?" உள்ளேயிருந்து அவன் மாமியார் லெட்சுமியின் குரல் வந்தது. "பெரட்டுல பேரு குடுக்க நேரமாச்சு, வேலைக்குப் போகச் சொல்லு. ஆறு மாச மருந்துன்னாங்க, இது ஏழாவது மாசம்!"

"டொக்டர் கூட்டியிருக்காரும்மா."

"கூட்டுவாரு, கூட்டுவாரு!"

போன வருடம் அழகனுக்குக் காசநோய் என்றார்கள். மாத்திரை விழுங்கத் தொடங்கியதும் சிறுநீர் சிவப்பாகப் போனது. இரத்தம் என்று நினைத்துப் பயந்தான். மனைவியிடம் சொல்ல வெட்கம். மாத்திரைகளை லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கானில் போட்டுவிட்டு, முழுங்கிட்டேன் என்று தினமும் சொன்னான். ஒருநாள் நிஜமாகவே இரத்தம் கக்கி விழுந்தபோதுதான் வினோதாவுக்கு எல்லாம் தெரிந்தது.

"எம் மொகத்தப் பாத்து எப்படிங்க சொன்னீங்க?" என்று கேட்டவள், தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சிவப்பு மருந்தின் நிறம்தான், மருந்து தின்னும்வரை அப்படித்தான் போகும் என்று டிக்கோயா ஆஸ்பத்திரி நர்ஸ் விளக்கினார். இந்த முறை ஒருவர் கண்முன்னால்தான் விழுங்க வேண்டும் என்றார். அழகன் சொன்ன பெயர் வினோதா.

"ஒங் கையால குடு. இனிமே ஒரு மாத்திரையக்கூட கீழ போட மாட்டேன்" என்றான்.

மருந்து வாங்கி வருவது, கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவள் பொறுப்பாயிற்று. லெட்சுமியும் ஒரு கட்டளை போட்டாள்.

"மருந்து முடியிற வரைக்கும் வரட்டும். முடிஞ்ச மறுநாள் இந்தப் படியில காலு வைக்கக் கூடாது. நீ கொழும்புக்கு வேலைக்குப் போயிரு."

அந்த வார வெள்ளிக்கிழமை லெட்சுமி தன் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் காலை அழகன் வந்தபோது அவள்தான் வாசலை மறித்து நின்றாள்.

"நர்ஸக் கண்டேன் மாப்புள. ஒங்களுக்கு மருந்து முடிஞ்சு ஒரு மாசமாச்சாமே! சளியில கிருமி இல்லேன்னு துண்டும் எழுதிக் குடுத்தாச்சாம். மறுபடியும் பொய்யா?"

அழகன் தலையைக் குனிந்தான்.

"ஆமாங்கத்த. நாந்தான் மறைச்சேன்."

"பாத்தியாடி ஒம் புருசன!"

வினோதா உள்ளே போனாள். அரிசி வாளிக்குள்ளிருந்து மடித்த காகிதத் துண்டை எடுத்து வந்து தாயின் கையில் வைத்தாள்.

"துண்டு எங்கிட்டத்தான் இருக்கு. மருந்து முடிஞ்சா இவரு வர முடியாதுன்னு, ஹட்டன்ல விட்டமின் மாத்திர வாங்கிக் குடுத்தேன். இவருக்கு ஒன்னும் தெரியாதும்மா."

"அடிப்பாவி! அதுக்கு நாக்கத் தூக்கச் சொல்லி வேற பாத்தியே!"

வினோதா அழகனிடம் திரும்பினாள்.

"நான் செஞ்ச தப்ப நீங்க ஏன் ஏத்துக்கிட்டீங்க? ஒங்களுக்குத் தெரியாதே?"

அழகன் மாமியாரைப் பார்த்துக் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"செவப்பா போறது நின்னு ஒரு மாசமாச்சு புள்ள."

அவள் திகைத்தாள்.

"தெரிஞ்சுமா தெனம் ரெண்டு மைல் நடந்து வந்து முழுங்குனீங்க?"

"ஒரு மாத்திரையக்கூட கீழ போட மாட்டேன்னு சொன்னேன்ல" என்று அன்றைய மாத்திரைக்குக் கையை நீட்டினான் அழகன்.

லெட்சுமி வாசலை விட்டு விலகினாள். "உள்ள வந்து முழுங்கச் சொல்லு. தேத்தண்ணி ஊத்துறேன்."