நிற்காத உருளல்

பகடை உருட்டிப் பேய்க்கதை வளர்க்கும் ஆட்டம் அது. போன தடவை மாமாவின் பேய்க்குரலுக்கு அவர் மச்சான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டான். இன்றும் சிரித்தால் கதையை நடத்தும் மாமாவின் பதவி மச்சானுக்கு. அதனால் மாமா கறுப்புச் சால்வை போர்த்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, பகடைகளை ஒவ்வொன்றாக உருட்டி 'எழுப்பி' வைத்தார்.

"எழுந்ததும் அதுக்குக் காபி வேணுமா?" என்றாள் மாமாவின் மனைவி.

கடைசிப் பகடை நின்றது. உருளும் சத்தம் நிற்கவில்லை.

மச்சான் வந்து உட்கார்ந்தான். "ஸ்பீக்கரை எங்க மாமா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மாமா கம்பீரமாகப் புன்னகைத்தார். அவருக்கும் தெரியாது.

சத்தம் மேசையைச் சுற்றி வந்து மச்சானின் நாற்காலிக்கு அடியில் நின்றது. குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

மேசைக்கு அடியில் யாரோ அடுத்த உருட்டலுக்குப் பகடையைக் கைக்குள் குலுக்கத் தொடங்கினார்கள்.