மூன்றாவது செயின்

"ஒரே மாசத்துல மூணாவது செயினுங்க பாய். வண்டிய ஓட்டுதா, ஒடைக்கறதுக்குன்னே எடுத்துட்டுப் போகுதான்னு தெரியல," என்றார் திருமூர்த்தி.

பக்கத்தில் சாராள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய இட்லி மாவை எலெக்ட்ரிக் லோடு சைக்கிளில் போத்தனூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள். மேம்பாலத்தில் செயின் அறுந்து, நிஜாம் பாயின் சைக்கிள் ரிப்பேர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மாவு பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டிருந்தன.

திருமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்காரர்கள் விடாமல் போன் அடித்தார்கள். ஆறு வருஷமாக வேலை செய்கிறவளை நிறுத்துவது சரியா, தப்பா என்று மனதுக்குள் ஓயாத வழக்கு வேறு.

"புதுச பழசோட சேத்துப் புடிச்சு அளந்து வெட்டிப்போடுங்க பாய். நேரமாகுது."

"பழசு தேஞ்சு நீண்டுபோச்சுங்க. கண்ணிய எண்ணித்தான் வெட்டோணும்."

நிஜாம் எண்ணி முடித்தார். ஆனால் வெட்டவில்லை.

"எத்தன கிலோ ஏத்தறீங்க?"

"நாப்பது. மாவு மட்டுந்தான்."

"நாப்பதுக்கு அறுகாதுங்களே. நூறு கிலோவாவது ஏறியிருக்கோணும். நெசத்தச் சொன்னாத்தான் தோதான செயின் போட முடியும். இல்லீன்னா நாலாவதுக்கும் இங்கதான் வருவீங்க."

திருமூர்த்தி சட்டென்று திரும்பினார்.

"என்ற வண்டியில தனி லோடு அடிக்கறயா? யாரு சரக்கு?"

சாராள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"சொல்லிப்போடு அம்மணி. இல்லீன்னா நாளையிலருந்து வேலைக்கு வர வேண்டாம்."

அவள் நிஜாமைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "வாரத்துல ரெண்டு நாளு, மாவோட இன்னொரு அறுவத்திரண்டு கிலோங்க பாய்."

"அடேங்கப்பா, எடை போட்டுத்தான் ஏத்தறயாக்கும்?" என்றார் திருமூர்த்தி.

"ஆஸ்பத்திரியில போட்டாங்க."

"ஆஸ்பத்திரிச் சரக்கா?"

"உங்கப்பாங்க."

திருமூர்த்தியின் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இடுப்பு ஆப்பரேசனுக்கு அப்புறம் ஆட்டோவுல கால மடக்கி உக்கார முடியலீங்களாம். பொட்டியிலன்னா நீட்டிக்கலாம். ஆஸ்பத்திரியில நடக்கற பயிற்சிக்கு நீங்க கூட்டிப் போறேன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சாம். 'அவனுக்கு நேரமிருக்காது, சொல்லிப்போடாத'ன்னாருங்க."

அவள் மறுபடி நிஜாமிடம் திரும்பினாள்.

"கனமான செயினையே போடுங்க பாய், கொஞ்சம் சீக்கிரமா. இன்னிக்கும் அவர ஆஸ்பத்திரியில எறக்கிவிட்டுட்டுத்தான் வந்தேன். வாசல்ல காத்துட்டிருப்பாரு."