பாஸ்வேர்ட் மாற்றும் நாள்

இன்றைக்கு எதற்குப் பாஸ்வேர்ட் மாற்றுகிறோம் என்று கமலக்கண்ணன் கேட்கவில்லை. தமிழ்செல்விக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். ஆடிட் வருகிறது என்று. அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

காலையில் ஹெச்.ஆர். சுப்ரியா போன் செய்திருந்தாள். சர்வரின் கீஸ்டோர் பாஸ்வேர்டுகளை மதியச் சாப்பாட்டுக்கு முன் மாற்றிவிட வேண்டும். செய்யும்போது கமலக்கண்ணனும் கூட இருக்க வேண்டும்.

ஓசூரில் அந்தக் கம்பெனியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மாதத்தின் நடுவில் பாஸ்வேர்ட் மாறினால், சாயங்காலம் யாரோ ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவார். ஸ்டோர்ஸ் கோவிந்தன் அப்படித்தான் போனார். பர்சேஸ் சென்னகிருஷ்ணனும் அப்படித்தான் போனார். இரண்டு முறையும் அவரவர் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தவள் தமிழ்செல்வி.

யார் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்பது கம்பெனியில் முதலில் அவளுக்குத்தான் தெரியும். போகிறவருக்குக் கடைசியில்தான் தெரியும்.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனைக் கடித்த கதைதான். முதலில் கேன்டீன் வடையை நிறுத்தினார்கள். அப்புறம் சூளகிரி பஸ்ஸை நிறுத்தினார்கள். இப்போது ஆளை நிறுத்துகிறார்கள்.

கீஸ்டோர் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இந்தச் சர்வர் அறையில் இருக்கும் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு இன்றோடு சரி. கடைசியாக வந்தவன்தானே முதலில் போவான்?

போன வாரம்தான் அவன் மனைவிக்கு வளைகாப்பு. கோவில்பட்டியிலிருந்து திரும்பி வந்தவன், தமிழ்செல்விக்கென்று தனியாக ஒரு டப்பாவில் புளியோதரை எடுத்து வந்திருந்தான். டப்பாவை அவள் இன்னும் கழுவிக் கொடுக்கவில்லை.

பழைய பாஸ்வேர்டை அடித்தாள். கீஸ்டோர் திறந்தது.

கீஸ்டோர் என்பது சர்வர் தன் சாவியை வைத்துப் பூட்டிய பெட்டி. பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்ட், உள்ளே இருக்கும் சாவிக்கு ஒரு பாஸ்வேர்ட். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் சர்வர் படுத்துவிடும், பில் போகாது, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட வேண்டிய லாரிகள் கேட்டுக்குள்ளேயே நிற்கும்.

"அந்த ரெண்டாவத எப்படி மாத்தணும்க்கா? இன்னொரு தடவ காமிங்க."

நாளைக்கு இல்லாத வேலையை இன்றைக்கு இவ்வளவு கவனமாகக் கற்றுக்கொள்கிறானே. ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்று சும்மாவா சொன்னார்கள். எழுந்துபோய் மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவள் மாற்றாவிட்டால் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்து மாற்றிவிட்டுப் போவான். அவ்வளவுதான்.

இன்னொரு முறை காட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு கட்டளையாக.

புது பாஸ்வேர்ட் கேட்டது.

அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது. விரல்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் எந்தப் பாஸ்வேர்ட் ஆனாலும், ஒருவர் அடிக்கும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த அறையில் வழக்கம். இத்தனை நாளும் கமலக்கண்ணன் அப்படித்தான், சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

இன்றைக்கு அவன் திரும்பவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று இருந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பப் போகிறார்கள், இதையும் நாமே பிடுங்க வேண்டுமா? விதியை மீறி, வேண்டுமென்றே, அவனுக்குத் தெரியும்படி மெதுவாக அடித்தாள். சரிபார்க்க மறுபடி கேட்டது. அப்போதும் மெதுவாகவே அடித்தாள்.

"நல்லாப் பாத்துக்க தம்பி. எங்க போனாலும் உதவும்."

அதற்கு மேல் வெளிப்படையாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. கமலக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

சர்வருக்கும் புதியதைச் சொல்லி ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஓடி, சர்வர் எழுந்துகொண்டது. வெளியே ஏதோ லாரி ஸ்டார்ட் ஆனது.

மேசைப் போன் அடித்தது. சுப்ரியா. இனி அவனை மேலே அனுப்பச் சொல்வாள். அதையும் தன் வாயால்தான் சொல்ல வேண்டும்.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள், ஒரு வார்த்தையும் அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

"முடிஞ்சுதுங்களா மேடம்? மாத்தற விதம் கமலக்கண்ணனுக்கு நல்லாப் புரிஞ்சுதுங்களா?"

"ம்" என்றாள் தமிழ்செல்வி.

"சரிங்க மேடம். அப்ப நீங்க கொஞ்சம் மேல வாங்க. பையையும் எடுத்துக்கிட்டே வந்துடுங்க."

போனை வைக்கத் தோன்றாமல் அவள் திரும்பிப் பார்த்தாள்.

கமலக்கண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து, அவளுடைய சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.