ஒரு குறையாவது

"ரைமோ, இந்த ரெண்டு எக்ஸ்ட்ரா லைட்டும் சட்டப்படி தப்புதானே?" என்று கேட்டாள் ஹெல்வி.

பின்லாந்தின் கெமியார்வி ஊர் வாகனச் சோதனை நிலையத்தில், அவளுடைய காருக்கு முன்னால் குனிந்திருந்த ஆய்வாளர் ரைமோ சிரித்துவிட்டார்.

"எல்லாரும் கண்டுக்காதீங்கன்னு கெஞ்சுவாங்க. நீங்க என்னம்மா, குத்தம் கண்டுபிடிக்கச் சொல்றீங்க? அங்கீகார முத்திரை இருக்கு. ஆடாம இறுக்கமா மாட்டியிருக்கு."

"எதிர்ல வர்றவங்க கண்ணு கூசுமே?"

ரைமோ காருக்குள் உட்கார்ந்து ஹைபீமைப் போட்டார். கூடுதல் விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. டிம் செய்ததும் அவையும் அணைந்தன.

"பாத்தீங்களா? சட்டம் கேக்கறது இதைத்தான்."

ஹெல்வியின் முகம் வாடிப்போனது. "ஒரு குறைகூடவா இல்ல?"

"இல்லம்மா. ஏன், யாரோட லைட்டு இது?"

"என் புருஷன் அவர் வண்டிக்கு வாங்கினது, இப்பதான் என் கார்ல மாட்டினேன். சட்டவிரோதம், போலீஸ் புடிக்கும்னு தினம் சண்டை போட்டு நான்தான் கழட்ட வச்சேன். அடுத்த வாரமே காட்டு ரோட்டுல ஒரு மூஸ் மான் குறுக்க வந்துடுச்சு. பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொன்னார். அதுதான் அவர் கடைசியா பேசினது."

ரைமோ காரை விட்டு இறங்கி வந்தார்.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ரைமோ. நான் சொன்னது சரியாவே இருந்துட்டுப் போகட்டும்."

ரைமோ விளக்குகளின் முன் மண்டியிட்டார். வெகுநேரம் தேடினார். தப்பு எதுவும் கிடைக்கவில்லை.