கொக்கியில் தொங்கிய பெயர்

“இந்தத் தடவையும் இவன்தான் சார்!”

கொக்கியக்கா கம்ப்யூட்டர் திரையை மேலாளர் பக்கம் திருப்பினாள். அதில், பக்கத்தில் நின்ற சோடாபுட்டியின் பெயர் பளிச்சென்று இருந்தது.

“அது மட்டுமா? காலையில நான் டீ குடிச்சிட்டு வர்றேன், என் நாற்காலியில உட்கார்ந்து என் கம்ப்யூட்டரை நோண்டிட்டிருக்கான். கேட்டா, ‘சும்மாதாங்க்கா’ங்கிறான்!”

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஊரில் எந்த ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வது அந்த அலுவலகத்து ப்ரோக்ராம்தான். கொஞ்ச நாளில் மூன்றாவது முறையாக இன்று காலையும் அது திகைத்து நின்றுவிட்டது. அரை நிமிஷம்தான். மூச்சு முட்டிக் காத்திருப்பவருக்கு அது அரை நிமிஷமா?

ப்ரோக்ராமைப் படித்து ஓட்டுகிற இன்டர்பிரெட்டர், கூட்டு, வகு, ஒப்பிடு, எடு என்று நொடிக்கு லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி வேலைகளைச் செய்கிறது. அதன் வயிற்றுக்குள்ளேயே சி மொழியில் ஒரு துணை நிரலை நுழைத்து, ஒவ்வொரு குட்டி வேலைக்கும் ஒரு கொக்கி மாட்டியவள் இவள். கொக்கிக்குக் கொக்கி ஒரு சீட்டு: யார் எழுதியது, எத்தனையாவது வரி. ரயிலில் ஏற்றும் பெட்டிக்குப் பெயர் கட்டுவது மாதிரி. எங்கே இடறினாலும் சீட்டைப் பிடித்து இழுத்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். அன்றிலிருந்துதான் அவள் கொக்கியக்கா.

“இதோ பாரும்மா,” என்றார் மேலாளர். “மேலிடத்துல ஏற்கெனவே ‘எதுக்கு இந்த வம்பு, பிடுங்கி எறி’ங்கிறாங்க. சீட்டு பொய் சொல்லாதுங்கிற நம்பிக்கையிலதான் கொக்கியை உள்ள விட்டு வெச்சிருக்கேன். நிச்சயம்தானே?”

“என் கொக்கி பொய் சொல்லாது சார்.”

“தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

“சீட்டுல என் பேர்தான் சார் இருக்கு.”

“அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

“தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், பார்த்து எழுதுடான்னு!” என்றாள் கொக்கியக்கா.

அவன் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் இடத்துக்குப் போய், அவன் எழுதிய வரியைத் தூக்கி எறிய உட்கார்ந்தாள். விரல் அப்படியே நின்றது.

அந்த வரி, ப்ரோக்ராம் கண் விழிக்கும்போது ஒரே ஒரு தரம் ஓடும். ஓடி முடிந்ததும் இன்டர்பிரெட்டரே அதை அழித்துவிடும். செத்துப்போன வேலை எப்படி எழுந்து வந்து இடறும்?

அவளுக்கு மெய்சிலிர்த்தது.

கம்ப்யூட்டரின் நினைவில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. ஒன்று அழிந்தால் அதே இடத்தில் இன்னொன்று குடியேறும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவன் பெயர்ப்பலகை வாசலிலேயே தொங்கினால்? புதுக் குடித்தனம் பண்ணுகிற ரகளைக்கெல்லாம் பழைய ஆள் பெயருக்குத்தானே புகார் வரும்! வேலை அழியும்போது சீட்டையும் கிழி என்று அவள் எழுதவே இல்லை.

சரி, அந்தப் புதுக் குடித்தனம் யார்? காலையில் ப்ரோக்ராம் நின்றபோது விட்டுப்போன தடயங்களைத் துழாவினாள். ஆம்புலன்ஸ் தூரக் கணக்கு. போன மாதம் எழுதியது.

எழுதியது அவளேதான்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. திரையை அணைத்தால் விஷயமும் அணைந்துவிடும். அணைக்கத்தான் கை போனது.

எழுந்து ஓடினாள்.

லிஃப்ட் வாசலில் சோடாபுட்டி, கையில் தன் டீக் கோப்பையோடு நின்றிருந்தான்.

“டேய், உனக்குத் தெரியும்தானே?”

“எதுங்க்கா?”

“நடிக்காதே! செத்த வரிக்குத் தலையாட்டியிருக்கியே!”

“காலையிலதாங்க்கா புரிஞ்சுது. அப்படியே அசந்து போயிட்டேன். போனவன் பேர்ல இருக்கிறவன் குடும்பம் நடத்துறான், பாருங்களேன்!”

“வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“சார் முன்னாடியா? அந்த நிமிஷமே கொக்கியைப் பிடுங்கியிருப்பார். இதுவரைக்கும் அது எத்தனை தப்பைப் பிடிச்சிருக்கு! இது ஒண்ணுதான் பொய், மத்ததெல்லாம் நிஜம்க்கா. அது இல்லாம ஆம்புலன்ஸை ஓட விடலாமா? எனக்கென்ன, வேற வேலை கிடைக்காமலா போயிடும்?”

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

“சார், என் கொக்கி பொய் சொல்லிடுச்சு. பழைய சீட்டைக் கிழிக்காம விட்டது நான். தூரக் கணக்கைத் தப்பா எழுதினதும் நான். கொக்கியைப் பிடுங்கணும்னா பிடுங்கிடுங்க. இவன் இருக்கட்டும்.”

மேலாளர் முகம் கறுத்தது. தன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். தேடினார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

“அட, சரி பண்ணிட்டுத்தான் வந்து சொல்றியாம்மா! சீட்டைக் கிழிக்கிற வரியும் உள்ள போயிருக்கு, தூரக் கணக்கும் திருத்தியாச்சு. தன் தப்பைத் தானே தேடிப் பிடிச்சுத் திருத்துற ஆள் கையில கொக்கி இருந்தா எனக்கென்ன பயம்? அதுவும் இருக்கட்டும், தம்பியும் இருக்கட்டும்.”

“நானா? நான் எங்க சார்…?”

மேலாளர் திரையைத் திருப்பினார். புது வரிகள் ஒவ்வொன்றின் சீட்டிலும் அவள் பெயர்.

காலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மும்முரமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவள் கொக்கி சொன்ன இரண்டாவது பொய் அது.