தடுப்பாட்டக்காரனின் பற்கள்

“பல்லு எங்கை?”

“ஐஸிலை கிடக்கும், டொக்டர். தேட நேரமில்லை.”

பல் மருத்துவர் நிலாணியும் வாகீசனும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான். 1991ஆம் ஆண்டு, ரொறன்ரோவின் பார்க்டேலில் அவள் கிளினிக் திறந்திருந்த புதிது. வீங்கிய உதட்டோடு ஆறடி உயரத்தில் ஒருவன் வந்து நின்றதும், அவள் ஏதோ அடிதடிக்காரன் என்றே நினைத்தாள்.

“சண்டையோ?”

“இல்லை, வேலை. ஐஸ் ஹொக்கி. நான் டிஃபென்ஸ்.”

“அப்பிடியெண்டா?”

“மற்றவை கோல் அடிக்க வருவினம். நான் மறிக்க வேணும். றப்பர் வட்டு பறந்து வந்தா குறுக்கை விழ வேணும்.”

“முகத்தாலையோ?”

“அண்டைக்கு முகம்தான் கிட்ட இருந்தது.”

அவள் சிரித்துவிட்டாள். நோயாளி ஒருவர் வலியோடு இருக்கும்போது அவள் சிரித்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு, அவன் வருகிற நாட்களில் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

வாகீசன் வடக்கே, சுரங்க ஊரான சட்பரியில் வளர்ந்தவன். அறுபதுகளின் முடிவில் அங்கே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரின் மகன். அந்த ஊரில் அவர்கள் மட்டும்தான் தமிழர்கள். நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கவும் பழகியவன். முதலில், ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் உள்ள ஹமில்ரனில் விளையாடினான். பிறகு எல்லை தாண்டி ரொச்செஸ்ரர் அணிக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு குளிர்காலம் பெரிய லீக் கூப்பிட்டது. மறுபடியும் பழைய பஸ் பயணமும் மலிவு விடுதிகளும். எந்த ஊரில் பல் உடைந்தாலும் பார்க்டேலுக்கு வந்துவிடுவான்.

வரவேற்பு மேசையில் இருந்த நிலாணியின் அம்மா புனிதவதி அவனுக்கு முகம் கொடுக்கவே மாட்டாள்.

“டொக்டற்றை மகன். ஒழுங்காப் படிச்சிருந்தா நீரும் டொக்டர். இப்ப பாரும், பொக்கை வாய்.”

“படிச்சனான் அன்ரி. மண்டையிலை அடிபட்டு மறந்துபோச்சு.”

“பகிடிக்குக் குறைச்சலில்லை. கடைசி நேரம்தான் இருக்கு. அதிலை போய் இரும்.”

எப்போது வந்தாலும் அவனுக்குக் கடைசி நேரம்தான். மற்றவர்கள் எல்லாரும் போன பிறகுதான் உள்ளே அழைப்பு.

ஆறு வருடங்கள் இப்படியே போய்விட்டன. இந்த ஏப்ரலில் அவன் வந்தபோது உதடு வீங்கியிருக்கவில்லை. நடையில்தான் சிறு நொண்டல்.

“இண்டைக்கு நிரந்தரமாவே பல்லைக் கட்டிவிடுங்கோ டொக்டர். இனி உடையாது.”

“ஏன்?”

“முழங்கால் போச்சு. விளையாட்டை விட்டிட்டன்.”

நிலாணி கையுறையை மாட்டப் போனவள் நின்றாள். “இனி என்ன செய்யப் போறியள்?”

“பயிற்சி குடுக்கிற வேலை ரெண்டு இடத்திலை இருக்கு. இங்கை கிட்ட, றிச்மண்ட் ஹில்லிலை சின்னப் பிள்ளையளுக்கு. பிளேனிலை போற தூரத்திலை, ரெஜைனாவிலை பெரிய ஆக்களுக்கு. ரெஜைனாக்காரர் நாளைக்குப் பதில் கேக்கினம்.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“இங்கை நில்லெண்டு சொல்ல ஆருமில்லைத்தானே. போகத்தான் வேணும் போல.”

அவன் வாயைத் திறந்தான். முன்பே அளவெடுத்துச் செய்து வைத்திருந்த பற்களை அவள் பொருத்தினாள். இந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அவனால் மறுத்துப் பேச முடியாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்கப் போவதில்லை. ‘நில்லுங்கோ’ என்ற ஒரே ஒரு சொல். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“கடியுங்கோ,” என்றாள்.

அவன் கடித்தான்.

“இன்னும் கொஞ்சம்.”

வேலை முடிந்தது. அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை. “டொக்டர்...”

“ஓம்?”

அவன் சுவரைப் பார்த்தான். “ரெண்டு நாளைக்குக் கச்சான் கடலை சாப்பிடக் கூடாதோ?”

“கூடாது,” என்றாள் நிலாணி. கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

வெளியே வந்து அவன் குளிர் அங்கியை மாட்டினான். “போயிட்டு வாறன் அன்ரி. இனி உங்களுக்கு என்னாலை கரைச்சல் இருக்காது. ரெஜைனா போறன்.”

புனிதவதி நிமிர்ந்து பார்க்கவில்லை. “அங்கை பல் டொக்டர்மார் இருக்கினமோ?”

“இருப்பினம் அன்ரி.”

“ரொச்செஸ்ரரிலையும் இருந்தவைதானே.”

“அம்மா, போற மனிசனை விடுங்கோவன்,” என்றாள் நிலாணி. கடைசி நாளிலும் அவனை நோகடித்துவிடப் போகிறாளே என்று அவளுக்குப் பதறியது.

புனிதவதி மேசையைச் சுற்றி வந்து, வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

“இரும் தம்பி. உங்கட ஹமில்ரன் அணிக்கெண்டு ஒரு பல் டொக்டர் இருந்தவர். நீர் ரெண்டாந்தரம் வந்த கிழமையே அவர் இங்கை போன் எடுத்தவர். ‘நான் அவருக்குக் காசில்லாமல் பாக்கிறனே, ஏன் அவ்வளவு தூரம் கார் ஓடி உங்களிட்டை வாறார்’ எண்டு கேட்டவர். எனக்கு அண்டைக்கே விளங்கிவிட்டுது. இவளுக்குத்தான் சொல்லேல்லை.”

வாகீசனின் காது மடல்கள் சிவந்தன. நிலாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொம்பிளை வீட்டாக்கள்தான் வந்து கேக்க வேணுமெண்டு உம்மட அம்மா சொல்லி வளத்திருப்பா. இவள் இந்த நாட்டிலை படிச்சவள், ஆம்பிளை கேக்கட்டுமெண்டு இருக்கிறாள். ரெண்டு பேரும் இப்பிடியே மறிச்சு விளையாடினா ஆர் கோல் அடிக்கிறது?” புனிதவதி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “பொம்பிளை வீட்டாள் நான் கேக்கிறன். இங்கை நிண்டு, என்ர மகளைக் கட்டுறீரோ தம்பி?”